டர்போவா, ஆறு சிலிண்டரா?

1

நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த வாரத்தில் எங்கள் பழைய கார் செத்துப்போனது. பாயசத்துக்குச் சேமியா வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், கோதுமை வயல்களுக்கு நடுவே, 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் புகை. என் கணவர் சண்முகம் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வெளியே வந்து ஆட்டுவார்களே, அந்த மாதிரித் தலையை ஆட்டினார்.

"முடிஞ்சிருச்சு கனகு. இனி எடைக்குத்தான் போடணும்."

சொன்னவர் முகத்தில் துக்கத்தைக் காணோம். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

மதுரைப் பக்கமிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு எங்கள் ஊரைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியா என்றால் கடலும் பாலமும் அச்சடித்த காலண்டர்தான் உங்கள் நினைவுக்கு வரும். நாங்கள் இருப்பது எந்தக் காலண்டரிலும் வராத இடம். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, கோதுமை விளைகிற சமவெளி. ஒரே தெரு. ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு போலீஸ் ஸ்டேஷன், தானியம் கொட்டிவைக்கிற உயரமான சிமெண்டுக் குதிர்கள். திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல் விரியுமே, அப்படிக் கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை. வெயிலும் நம் வெயில்தான். சித்திரையில் அடிக்காமல் தையில் அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் அந்தக் குதிர்களில் பெல்ட்டும் மோட்டாரும் பார்க்கிற மெக்கானிக். ஒரே மகள் மல்லிகா, பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு.

இங்கே பஸ் கிடையாது. கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. அதுவும் அந்த மாதம்தான் எனக்கு ஒரு புது வேலை பேசியிருந்தார்கள். தூரத்து வயல்வீடுகளுக்குப் போய் நடமாட முடியாதவர்களைப் பார்த்து, புண் கட்டி, ஊசி போட்டு வருகிற வேலை. எவ்வளவோ நாளாக ஆசைப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை, கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவாப் போங்க" என்று சொல்ல மட்டும்தான் பழகியிருந்தேன்.

ஊரில் பழைய கார் விற்கிறவர் பில். வழுக்கைத் தலை, உரத்த சிரிப்பு. கடை என்பது ஒரு தகரக் கொட்டகையும் அதன் முன்னால் கொஞ்சம் சரளைத் தரையும். எங்கள் கைக்கு அடங்குகிற மாதிரி இரண்டே வண்டிகள் அங்கே நின்றன. ஒன்று சிவப்பு. சின்ன வண்டி, எஞ்சினும் சின்னது. பின்பக்கம் 'டர்போ' என்று சாய்ந்த எழுத்தில் பளபளத்தது. மற்றது மோர் நிறத்தில், பின்னால் சாமான் ஏற்ற இடம் விட்ட நீளமான ஸ்டேஷன் வேகன், ஆறு சிலிண்டர். இரண்டும் கியர் போட்டு ஓட்டுகிற வண்டிகள். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சண்முகம் சிவப்பு வண்டியின் மூடியைத் திறந்து, தொட்டில் சேலையை விலக்கிக் குழந்தை முகம் பார்க்கிற மாதிரிக் குனிந்து பார்த்தார். மோர் வண்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "டர்போன்னா என்னங்க?"

"துருத்தி தெரியும்ல, கொல்லன் பட்டறைத் துருத்தி? ஊதுனா நெருப்பு எம்புட்டுக் கொழுந்துவிட்டு எரியும்! அதே கதைதான். எஞ்சினுக்குள்ள காத்தப் பிடிச்சுத் திணிக்கும். ஆனா ஊதுறதுக்கு ஆளு வேணாம். வெளிய போற புகையே ஒரு சின்னச் சக்கரத்தச் சுத்திவிட்டுரும். அதனால சின்ன எஞ்சினு பெரிய எஞ்சின் வேலையப் பாக்கும். பெட்ரோலும் அம்புட்டுக் குடிக்காது."

"அப்ப அந்த ஆறு சிலிண்டரு?"

"அதுவா? அது ஒங்கப்பா வண்டி மாதிரி."

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வீட்டில் வழக்கு தொடங்கியது.

2

அவனியாபுரத்தில் என் அப்பாவை வெறும் வீரணன் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. பிளசர் வீரணன் என்று சொல்ல வேண்டும். வாடகைக் காரை அப்போது பிளசர் என்றுதானே சொன்னோம். எங்கள் பிளசர் ஒரு பழைய அமெரிக்க வண்டி. ஆறு சிலிண்டர். ஏதோ ஒரு ஜமீன் வீட்டில் ஓடி ஓய்ந்து, கைமாறிக் கைமாறி அப்பாவிடம் வந்து சேர்ந்தது. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மரநிழலில் அதை நிறுத்தியிருப்பார். வாய்தா வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் மொத்தமாக ஏறுவார்கள். வழக்குப் போட்டவரும் வழக்கில் மாட்டியவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் ஒரே சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவதும் உண்டு. உசிலம்பட்டி போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் கடலை தின்பதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன் என்பார் அப்பா.

எனக்கு அந்த வண்டியின் சத்தம் பிடிக்கும். எத்தனை பேரை ஏற்றினாலும் முனகாது. கொஞ்சமும் அவசரமில்லாமல், வயிறு நிறைந்தவன் உறக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஓடும். ஆனால் வயிறு நிறைந்திருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எங்கள் கல்யாணம் எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்குத் திருமங்கலம். வேலை கப்பலூர் தொழிற்பேட்டையில், போல்ட்டும் நட்டும் செய்கிற சின்னக் கம்பெனியில். முகூர்த்தம் அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு வாசல் பந்தலில். மாப்பிள்ளையை நம் வண்டியில்தான் அழைத்து வர வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்று, பிளசருக்கு மாலை கட்டிக்கொண்டு விடியக்காலையிலேயே திருமங்கலம் போனார். அங்கே மாப்பிள்ளையோடு அவர் சொந்தத்தில் பாதி அதே வண்டியில் ஏறிக்கொண்டது.

திரும்பும் வழியில் கப்பலூரில், அதுவும் அவர் வேலை பார்த்த கம்பெனி வாசலுக்கு நேராக, வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் தீர்ந்துபோயிற்று.

பந்தலில் நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். என் அத்தை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடமே சொன்னாள். "ஏ கனகு, மாப்ளையக் காணம்டி! ஓடிகீடிப் போயிட்டானோ என்னமோ!" தலை கொள்ளாத பூவோடு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கப்பலூரில் நடந்தது அவர் சொல்லித்தான் தெரியும். அப்பா கும்பிட்ட கையோடு நின்றாராம். "கோவிச்சுக்கிறாதீக மாப்ள. வண்டி நல்ல வண்டி. வயிறுதான் கொஞ்சம் பெருசு." மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ள ஆரம்பித்திருக்கிறார். அப்போது காலை ஷிப்டுக்கு வந்த கம்பெனி ஆட்கள் பார்த்துவிட்டார்கள்.

"டேய், நம்ம சண்முகம்டா! கல்யாணத்தன்னைக்கி மாமனார் வண்டியத் தள்ளுறான்டா!"

அவ்வளவுதான். கேட்டுக்குள் போனவர்களும் வெளியே ஓடி வந்தார்கள். ஒருவன் சைக்கிளில் கேனை மாட்டிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் பறந்தான். மற்றவர்கள் "ஐலசா" போட்டுத் தள்ளினார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "போங்கடா, எல்லாரும் போயித் தாலி கட்டுறதப் பாத்துட்டுச் சாப்பிட்டு வாங்க" என்று அரைநாள் லீவு விட்டார்.

முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கும்போது பிளசர் எங்கள் தெருவில் திரும்பியது. பின்னால் காக்கிச் சட்டைகளோடு ஒரு சைக்கிள் படை, மணியடித்துக்கொண்டே. அப்படி ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை அவனியாபுரம் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா இரண்டாம் உலைக்கு அரிசி களைந்தாள். அவர் தாலி கட்டியபோது விரலில் ஒட்டியிருந்த கிரீஸ் மஞ்சள் கயிற்றில் அப்பிக்கொண்டது. போட்டோவில் என் கழுத்தோரம் கறுப்பாகத் தெரிவது திருஷ்டிப் பொட்டு இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஆறு சிலிண்டர் என்றாலே ஆகாது.

3

எந்த வண்டி வாங்கினாலும் ஓட்டப்போவது நான். அதற்கு முதலில் பழகுநர் அனுமதி வேண்டும். எங்கள் ஊரில் அதைக் கொடுப்பது போலீஸ் ஸ்டேஷன். மல்லிகாவுக்கும் அப்போதுதான் பதினாறு நிறைந்து அவளுக்கும் அனுமதி வாங்கும் வயது வந்திருந்தது. ஆக, தாயும் மகளும் ஒரே நாளில் ஒரே ஜன்னலில் போய் நின்றோம். அவள் என்னோடு வரவில்லை என்பது போல இரண்டடி தள்ளி நின்றாள்.

சார்ஜெண்ட் என் பெயரைக் கேட்டார். கனகவல்லி என்றேன். குடும்பப் பெயர் கேட்டார். இது பத்து வருஷமாக என்னைத் துரத்துகிற கேள்வி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? வந்து இறங்கிய நாளில் அதிகாரிகள் கட்டாயம் ஒன்று வேண்டும் என்று நிற்க, சண்முகம் தன் இனிஷியலை விரித்துத் தன் அப்பா பெயரைக் கொடுத்துவிட்டார். அன்று முதல் நான் மிஸஸ் சோணைமுத்து. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஊரில் பிறந்தவள் நான். திருமங்கலத்தில் அவரைக் குறிக்க வேண்டுமானால் "இந்தாருங்க, அவுக" என்பேன். இங்கே வார்டு முழுக்க "சிஸ்டர் சோனாமூட்டூ" என்று அவர் பெயர் கேட்கிறது. முதல் வருஷம் யாராவது அப்படிக் கூப்பிட்டால் நர்ஸ் உடுப்பில் இல்லாத முந்தானையைத் தேடி அனிச்சையாகக் கை தோளுக்குப் போகும்.

பாஷையும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேட்ரன் "ஹவ் யூ கோயிங்?" என்று கேட்டார். சௌக்கியமா என்று அர்த்தமாம். எனக்கென்ன தெரியும்? எப்படிப் போகிறாய் என்று கேட்கிறார் போல என்று "நடந்துதான்" என்றேன். அன்று சாயங்காலம் பாவம் அந்த அம்மாள் தன் காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்.

மல்லிகாவுக்கு என் ஆங்கிலம் கூச்சம். எனக்கு அவள் தமிழ் சிரிப்பு. வரும்போது மதுரைத் தமிழ் பொரிந்து தள்ளிய பிள்ளை. இப்போது பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மெல். மரியாதையை எங்கே வைப்பது என்று அவளுக்குக் குழம்பிவிட்டது. "அப்பா வந்தான், ஆனா லெட்டர் வரலைங்க" என்பாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதுவும் வரவரக் குறைந்து தோள்குலுக்கலாகிவிட்டது. அறைக்கதவு சாத்தியே இருக்கும். அந்தக் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நான் காபியோடு நின்ற நாட்கள் உண்டு.

சார்ஜெண்ட் என் பெயரை எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டார். "இதில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனை மைல் ஓட்டிப் பழகினால் போதும், பாஸாகிவிடுவீர்கள்" என்றார். தள்ளி நின்றவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்ததற்காக முறைத்தாள்.

4

வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பாருங்கள் என்று பில் இரண்டு வண்டிச் சாவியையும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத வயல் ரோட்டில் பாடம். பக்கத்தில் சண்முகம், பின்சீட்டில் தன் முறைக்குக் காத்திருக்கும் மல்லிகா. அவள் கட்சி டர்போ. "அம்மா, அந்தப் பெருசு வேகன் எல்லாம் பாட்டிங்க ஓட்டுறது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

முதலில் சிவப்பு வண்டி. கிளட்சை விட்டேன், நின்றுபோயிற்று. மறுபடி, மறுபடியும் நின்றது. ஒருவழியாக நகர்ந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தேன். அப்போதும் இல்லை. சரி, வராது போல என்று நான் நினைத்த நேரம் பார்த்து 'விர்ர்' என்று ஒரு விசில். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்ட மாதிரி வண்டி பாய்ந்தது. வேலியோரம் மேய்ந்த செம்மறிகள் சிதறி ஓடின. நான் "ஆத்தாடி!" என்று கத்தி இரண்டு காலையும் பிரேக்கில் வைத்தேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. புகை சேந்து சக்கரம் சுத்துறதுக்குக் கொஞ்சம் நேரம் புடிக்கும். நீதான் முன்கூட்டியே நெனச்சு மிதிக்கணும்."

"கேக்கும்போது குடுக்காம, மறந்தப்பறம் அள்ளிக் குடுத்தா எப்படிங்க?"

பில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வேகமாக ஓட்டி வந்தால் உடனே அணைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுச் சூடு தணிந்ததும்தான் நிறுத்த வேண்டும். "அதுக்கும் மூச்சு வாங்குமா?" என்று கேட்டேன். வீடு வீடாக இறங்கி ஏறுகிற வேலைக்கு இது சரிப்படுமா என்றும் யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு வேகன். மூக்கு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துத்தான் எனக்குக் கால் எட்டியது. ஆனால் கிளட்சை எப்படி விட்டாலும் அது கோபித்துக்கொள்ளவில்லை. தண்டவாளம் கடக்கிற மேட்டில் கியரை மாற்ற மறந்துவிட்டேன். நின்றுவிடும் என்று கண்ணை இறுக்கினேன். நிற்கவில்லை. மிதித்த அளவுக்கு, மிதித்த உடனே, முனகாமல் ஏறியது. எவ்வளவு தூரம் போனோம், எப்போது திரும்பினோம் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

"பெட்ரோல் முள்ளப் பாத்தியா?" என்றார் சண்முகம். அதை மட்டும்தான் அவர் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கடைசியில், வண்டிகளைப் பில்லிடம் திருப்பி விடப் போனபோது, சிவப்பு வண்டியை அவர் ஒரு தடவை தனியாக எடுத்துக்கொண்டு போனார். நானும் மல்லிகாவும் பில்லின் கொட்டகை வாசலில் நின்றோம். நேர் ரோட்டில் அந்த விசில் சத்தம் தூரத்தில் ஏறி ஏறி மறைந்தது. திரும்பி வந்து இறங்கிய மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமுடி கலைந்து, காது வரை சிரிப்பு. கப்பலூர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது இப்படித்தான் இருந்திருப்பார். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் தனக்கென்று ஒரு நல்ல செருப்புக்கூடக் கேட்காத ஆள்.

என் வாதமெல்லாம் அங்கேயே ஆட்டம் கண்டது. ஆனாலும் ஆறு சிலிண்டரை விட்டால் அப்பாவையே விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு உறுத்தல்.

5

அப்பாவிடமே கேட்டுவிட முடிவு செய்தேன். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்த்த மளிகைக் கடையில் உண்டு. கடைக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி, "வீரண்ணே! ஓடியாங்க! ஒங்க மக ஆஸ்திரேலியால இருந்து பேசுது!" என்று கத்துவது எனக்கு இங்கே கேட்டது. ஆட்டோ ஹாரன், யாரோ அரைக்கிலோ வெல்லம் கேட்பது, எல்லாமே கேட்டது. காசு ஓடுகிறதே என்று நினைக்காமல் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆத்தா கனகு! எல்லாரும் சொகமா?"

"சொகந்தாம்ப்பா. காரு வாங்கப் போறோம். ரெண்டு வண்டி இருக்கு. ஒண்ணு சின்ன எஞ்சினு, அதுல டர்போன்னு ஒண்ணு வச்சிருக்கு. இன்னொண்ணு நம்ம பிளசர் மாதிரியே ஆறு சிலிண்டருப்பா!"

மகிழ்ந்துபோவார் என்று காத்திருந்தேன்.

"சின்னதவே வாங்கிரு ஆத்தா" என்றார்.

"என்னப்பா சொல்றீக? நம்ம பிளசர் மாதிரிப்பா!"

"அதனாலதான் சொல்றேன். அதக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதாதா? வண்டியா அது! பெட்ரோல் வெல ஏறுனப்ப ராத்திரியெல்லாம் ஒறக்கம் இல்ல எனக்கு. விக்கலாம்னு மேலூரு, தேனி, விருதுநகருன்னு எங்கயெல்லாம் சொல்லிவச்சேன்! ஒரு பய வாங்கல."

"ஆசையா வச்சிருந்தீகன்னுல்ல நெனச்சேன்!"

"விக்க முடியாத வண்டிய ஆசையா வச்சிருக்கேன்னுதான் சொல்லணும் ஆத்தா. வேற என்ன சொல்றது?"

அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கடைக்காரரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். போனை வைத்த பிறகும் சமையலறையில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டிக்காக நான் சண்முகத்தோடு வாதாடியிருக்கிறேன், அப்பாவோ வாங்க ஆள் தேடியிருக்கிறார்!

இனி ஆறு சிலிண்டருக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. மறுநாள் டியூட்டி முடிந்ததும் நேராகப் பில்லிடம் போனேன். சிவப்பு வண்டியையே எடுத்துக்கொள்கிறோம், என் கணவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், அவருக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்றேன். பில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

6

அன்று சாயங்காலம் வீட்டுக்கு போன் வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சண்முகம் தோட்டத்தில் இருந்தார். மல்லிகாதான் எடுத்தாள். கொஞ்ச நேரம் "ம்", "ம்" என்று கேட்டவள் கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னையும் ஜன்னல் வழியே அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் பில்லிடம் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"அம்மா, நீ பில்கிட்ட டர்போ வாங்குறேன்னு சொன்னியா?"

"அதச் சொல்ல வேணாம்னுதானே அவருகிட்டச் சொன்னேன்!"

"அப்பா!" என்று ஜன்னலில் கத்தினாள். அவர் மண்கையோடு வந்தார். "நீ பில்கிட்ட என்ன சொன்ன?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்த ஆறு சிலிண்டர எடுத்துக்கிறோம்னு நேத்தே சொல்லிட்டேன். ஒங்கம்மாவுக்குச் சொல்லாதீகன்னு..."

"ஏங்க?" என்றேன்.

"ஓட்டப்போறவ நீ. ஒங்கப்பா வண்டி மேல ஒனக்கு அம்புட்டு ஆசை. எனக்கென்ன, நான் பாட்டுக்கு நடந்து வேலைக்குப் போறவன்."

"ஐயோ, அப்பாவே சின்னதத்தான் வாங்கச் சொல்றாருங்க!" என்று போனில் நடந்ததைச் சொன்னேன். விக்க முடியாத வண்டி என்ற இடம் வந்ததும் மனிதர் நாற்காலியில் விழுந்து சிரித்தார். "மாமா! மாமா! அந்த வண்டியையா நான் தள்ளுனேன்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். மண் எல்லாம் வேட்டியில்.

சிரிப்பு ஓய்ந்ததும் மறுபடி வழக்கு. இந்த முறை தலைகீழாக. நீ ஆறு சிலிண்டர் எடு என்று அவர், நீங்கள் டர்போ எடுங்கள் என்று நான். குரல் ஏறியது. மல்லிகா நடுவில் கையை நீட்டினாள்.

"போதும். நான் பில்கிட்ட சொல்லியாச்சு. ஆறு சிலிண்டர்."

டர்போ கட்சிக்காரி அல்லவா அவள்?

"ஒனக்குச் செவப்பு வண்டிதானடி புடிச்சுச்சு?"

அவள் தோளைக் குலுக்கினாள். பிறகு, வார்த்தை தேடித் தேடி, ஆனால் தமிழிலேயே சொன்னாள். "அம்மா, டர்போ ஓட்டும்போது நீ மூச்சு விடலை. நான் பின்னாடி இருந்து பாத்தேன். ஒன் கழுத்து இப்படி, கல்லு மாதிரி. ஆனா அந்தப் பெருசுல நீ பாடுன."

"நானா? பாடுனேனா?"

"பாடுன. சின்னதா. போற வழி எல்லாம். நீ வீட்டுல பாடவே மாட்டியே. நான் சின்னப் பிள்ளைல தூங்க வைக்கிறப்ப பாடுவியே, அது."

நான் பாடியது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சண்முகம் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள் என்று நான் நினைத்த பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து என் கழுத்தைப் பார்த்துக்கொண்டும் என் பாட்டைக் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

மடித்த துணியை மறுபடி உதறி மடித்தேன்.

"அப்ப அப்பாவுக்கு?" என்று கேட்டார் சண்முகம், பாவமாக.

"நான் வேலைக்குப் போய் வாங்கித் தர்றேன். செவப்பு. இப்ப கைகழுவிட்டு வா."

அப்பாவை ஒருமையில் விரட்டியதை அன்று யாரும் திருத்தவில்லை.

7

பரீட்சைக்கும் அதே சார்ஜெண்ட்தான். எங்கள் ஊரில் சிக்னல் விளக்கே கிடையாது என்பதால் பேக்கரி முனையில், "இங்கே ஒரு சிவப்பு விளக்கு எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நின்றேன். "பச்சை விழுந்துவிட்டது" என்றார். போனேன். இரண்டு தகர டிரம்களுக்கு நடுவே அந்த நீள வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினேன், டிரம் விழவில்லை. அன்றே பாஸ். எனக்குப் பின்னால் மல்லிகா ஏறினாள். இல்லாத சிவப்பு விளக்கை அவள் கவனிக்கவில்லை, வேகம் வேறு. ஃபெயில். வீடு வரை உர்ரென்று வந்தாள். வீட்டு வாசலில் திடீரென்று, "அம்மா, நீ என்னை விட முதல்ல லைசென்ஸ் வாங்கிட்டீங்க!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நீயும் வந்தது, நீங்களும் வந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அவளும் பாஸானாள்.

சண்முகம் வாரம் தவறாமல் வண்டியைக் கழுவுகிறார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒருநாள் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு தனக்குள் சொன்னார். நான் கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

புது வேலையின் முதல் நாள். மருந்துப் பெட்டியைப் பக்கத்துச் சீட்டில் வைத்தேன். "மெதுவாப் போ" என்று அவர் வாசலில் நின்று சொன்னார். முதல் வீடு ஊரிலிருந்து வெகுதூரம். காலில் புண் ஆறாத ஒரு விவசாயியின் வீடு. காலை வெயில் கோதுமை மேல் படர்ந்துகிடந்தது. வண்டிக்குள் நான் மட்டும். பக்கத்தில் ஆளில்லாமல், பின்னால் ஆளில்லாமல், என் பிறவியிலேயே முதல் தடவை.

அந்த வீட்டுக்குத் திரும்புகிற பலகை வந்தது. பார்த்தேன், வேகத்தைக் குறைக்கவில்லை. நேராகப் போனேன். ரோடு சாட்டை மாதிரி நீட்டமாகக் கிடந்தது, எதிரே ஒரு வண்டி இல்லை. சொல்லிவைத்த நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, இந்த முறை தெரிந்தே, வாய்விட்டுப் பாடினேன்.

அடுத்த ஊர்ப் பலகை தெரிந்த இடத்தில்தான் வண்டியைத் திருப்பினேன்.